அடைத்த பாதையும் திறந்த கதவும்

ஒரு வீட்டில் இராச் சாப்பாட்டிற்குப் பின் நடந்த சம்பாஷணை இது. மகன் கைத்தொலைபேசியில் ஒரு சலனப்படம் பார்த்துக்கொண்டிருந்தான். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை, நடுக் குளிர்காலம். மலைப்பாதையின் தொடக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாய் வர்ணம் பூசிய தடுப்புக் கம்பம் குறுக்கே இறக்கப்பட்டிருக்கிறது. பாதை அடைக்கப்பட்டிருப்பதாகப் பலகை அறிவிக்கிறது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் கம்பத்தின் ஓரமாக வண்டிகளைத் தள்ளி அப்பால் கொண்டுபோய், முழங்கால் ஆழப் பனியில் ஏறத் தொடங்குகிறார்கள்.

எட்டிப் பார்த்த தகப்பனார், "புத்தி கெட்ட பிள்ளைகள்! பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிவிட்டுப் போகிறார்கள்" என்றார்.

"ஏனப்பா அப்படிச் சொல்லுகிறீர்கள்? பாதையில் வேறே ஒருவருமில்லை. யார்மேலும் மோதப் போவதில்லை. போனால் அவர்கள் உயிர்தானே போகும்? இதிலே யாருக்கு என்ன துரோகம்?" என்றான் மகன்.

தகப்பனார், "எதிர்த்துப் பேசாதே, போய்ப் படு" என்று சொல்லிவிட்டார். சம்பாஷணை அத்தோடு முடிந்தது, கேள்வி முடியவில்லை. அது அதட்டலால் அடங்கக்கூடிய கேள்வியன்று. என் உயிர் என்னுடையதா? பிறருக்கு நேரடியாகத் தீங்கு செய்யாத ஆபத்தில் இறங்க எனக்கு உரிமை உண்டா? இதை நாம் பட்சபாதமின்றி ஆராய்ந்து பார்ப்போம்.

கணவாயும் அதன் மடமும்

சுவிட்சர்லாந்தின் வாலே நாட்டிற்கும் இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கிற்கும் இடையே பெரிய சான் பெர்நார் கணவாய் இருக்கிறது. அதன் உயரம் கடல்மட்டத்திற்கு மேல் 2,469 மீட்டர். அதன்மேல் செல்லும் பாதை ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து ஜூன் வரை அடைக்கப்பட்டிருக்கும். வாகனங்கள் குளிர்காலத்திலும் போய்வரும்படி மலையின் அடியில் வெட்டப்பட்ட சுரங்கப்பாதை 1964-இல் திறக்கப்பட்டது. ஆகையால் இன்று குளிர்காலத்தில் மேல்வழியாக மோட்டார் சைக்கிளில் போகவேண்டிய அவசியம் ஒருவருக்கும் இல்லை.

முற்காலத்தில் அப்படியன்று. வியாபாரிகள், உரோமாபுரிக்குப் போகும் யாத்திரிகர்கள், கூலிவேலை தேடிப்போகும் ஏழைகள் எல்லாரும் அந்த வழியாகத்தான் கால்நடையாய்ப் போகவேண்டும். பனியில் வழிதவறி மாண்டவர் அநேகர். இதைக் கண்டு மனமிரங்கிய அர்ச். மெந்தோன் பெர்நார்து, ஏறக்குறைய 1050-இல் கணவாயின் உச்சியில் ஒரு மடத்தை ஸ்தாபித்தார். அர்ச். அகுஸ்தீனாரின் ஒழுங்கை அனுசரிக்கும் துறவிகள் அங்கே வாழ்ந்து, பனிப்புயல் அடிக்கும் நாட்களிலும் வெளியே போய் வழிப்போக்கரைத் தேடினார்கள். அவர்கள் வளர்த்த பெரிய நாய்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்ற நாய் நாற்பதுக்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. (நாயின் கழுத்தில் தொங்கும் சிறிய சாராயப் பீப்பாயோ 1820-இல் ஓர் ஆங்கில ஓவியர் வரைந்த படத்தினால் பரவிய கற்பனை. குழந்தைகள் மன்னிப்பார்களாக!) சுவிட்சர்லாந்துப் பக்கத்திலிருந்து மடத்திற்கு ஏறும் பள்ளம் ஒன்றிற்கு இன்றும் "இறந்தோர் பள்ளம்" என்றே பெயர். தேடப்போன துறவிகளிலும் ஊழியரிலும் சிலர் பனிச்சரிவில் அகப்பட்டுத் திரும்பி வரவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். பின்னால் அது வேண்டியிருக்கும்.

பாதையை ஏன் அடைக்கிறார்கள்?

அரசாங்கத்தார் சும்மா ஒரு கம்பத்தை இறக்கிவைப்பதில்லை. மலைப்பாதை என்பது சரிவான மலைப்பக்கத்தில் வெட்டிய ஒரு படி. காற்று அடித்துக்கொண்டு வரும் பனி அந்தப் படியை நிரப்பிவிடும்; பாதை இருந்த இடமே தெரியாமல் மலையோடு மலையாய் ஒரே சரிவாகிவிடும். அதன்மேல் போகிறவன் பாதையில் போகவில்லை, மலைச்சரிவின் குறுக்கே போகிறான். முப்பது பாகை முதல் நாற்பத்தைந்து பாகை வரையுள்ள சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகமாய்ப் புறப்படுகிறது. பழைய பனிக்கும் புதிய பனிக்கும் நடுவே பலவீனமான ஓர் அடுக்கு இருந்தால் போதும். மேலே ஒரு பாரம் ஏறியவுடன் பெரும் பாளமாய் அறுந்து புறப்படும். சத்தம் போட்டால் பனி சரியும் என்பது கட்டுக்கதை. சரியச் செய்வது பாரம். பனிச்சரிவில் அகப்படுகிறவர்களில் பெரும்பாலோரின் விஷயத்தில், அந்தச் சரிவைப் புறப்படச் செய்தவர்கள் அவர்களே, அல்லது அவர்களுடைய கூட்டாளிகளே. ஒரு மனிதனும் அவன் கனமான வண்டியும் சேர்ந்தால் முந்நூறு கிலோ எடைகூட ஆகலாம்.

புதைந்தவனை முதல் பத்து நிமிஷத்திற்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பான். அரைமணி நேரம் கடந்துவிட்டால் மூன்று பேரில் இரண்டு பேர் பிழைப்பதில்லை.

சரிவு வராவிட்டாலும் குளிர் இருக்கிறது. பூச்சியத்திற்குக் கீழே பத்துப் பாகைக் குளிரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுடைய தோலுக்கு அது இருபத்திரண்டு பாகைக் குளிர்போல் உறைக்கும். வண்டி பனியில் புதைந்துவிட்டால் இறங்கித் தள்ளவேண்டும், தள்ளினால் வேர்க்கும், வேர்வையில் நனைந்த ஆடையோடு நின்றால் உடம்பின் சூடு இறங்கும். அது 35 பாகைக்குக் கீழே போனவுடன் கைகால் மட்டுமல்ல, புத்தியும் மந்தமாகும். "ஆபத்து வந்தால் திரும்பிவிடுவேன்" என்று புறப்பட்டவனுக்கு, எப்பொழுது திரும்பவேண்டும் என்று சொல்லுகிற அந்தப் புத்தியே மழுங்கிவிடும். இது நன்றாய்க் கவனிக்கவேண்டிய சங்கதி.

எதிர்வாதங்கள்

இனி, அந்த மகனுடைய கட்சியில் நின்று சொல்லக்கூடியவற்றை எல்லாம் சொல்லிப் பார்ப்போம். எதிராளியின் வாதத்தைப் பலவீனமாக்கி வைத்துக்கொண்டு ஜெயிப்பது ஜெயமாகாது.

முதலாவது: "உயிர் என்னுடையது."

இரண்டாவது: "மலையேறுகிறவர்களும் ஆபத்தில்தான் இறங்குகிறார்கள். அவர்களை வீரர் என்கிறீர்கள். எங்களை மட்டும் பைத்தியக்காரர் என்கிறீர்கள்."

மூன்றாவது: "தேடி வரும்படி நாங்கள் யாரையும் கேட்கவில்லை. வந்தாலும் செலவை நாங்களே கொடுக்கிறோம்."

முதல் வாதத்திற்கு நாம் குழந்தைப் பிராயத்திலேயே பதில் படித்திருக்கிறோம். உயிரை நாம் சம்பாதிக்கவில்லை, சர்வேசுரன் தந்தார். நாம் அதன் உடைமைக்காரர் அல்ல, காரியஸ்தர். ஐந்தாம் கட்டளை பிறர் உயிரை மட்டுமல்ல, நம் உயிரையும் காக்கிறது. விசுவாசமில்லாதவனுக்கும் இது விளங்கும்படி சொல்லலாம். ஓர் உயிர் எத்தனை பேருடைய கண்விழிப்பினாலும் உழைப்பினாலும் வளர்ந்தது! அதில் தாய்க்குப் பங்கில்லையா? மனைவி மக்களுக்குப் பங்கில்லையா?

ஆனால் இந்தப் பதில் மட்டும் போதாது. உயிரைப் பணயம் வைப்பதெல்லாம் பாவமென்றால், கடலுக்குப் போகும் மீனவனும், தீயணைக்கிறவனும், பெருவியாதிக்காரரைப் பராமரித்த அர்ச்சியசிஷ்டவர்களும் குற்றவாளிகளாவார்கள். காரியஸ்தன் எஜமானின் பணத்தைப் பூட்டி வைப்பதற்காக மட்டும் நியமிக்கப்படவில்லை. தகுந்த காரணத்திற்காகச் செலவிடவும் அவனுக்கு அதிகாரமுண்டு. ஆகவே ஆபத்து உண்டா என்று கேட்டால் போதாது. எதற்காக, எந்த முன்யோசனையோடு, யாருடைய தலையில் பாரத்தைச் சுமத்தி என்றும் கேட்கவேண்டும்.

இரண்டாவது வாதம் பலமானது. பரிசுத்த பாப்பரசர் 11-ம் பத்திநாதர் இளங்குருவாயிருந்தபொழுது பேர்போன மலையேறியாயிருந்தார். 1889-இல் மொந்தே ரோசா சிகரத்தின் செங்குத்தான கிழக்கு முகத்தில் ஏறினார். உச்சிக்கு அருகே ஒரு பாறையில் கொடுங்குளிரில் இராத்தங்கினார். அவரே 1923-இல் மெந்தோன் பெர்நார்துவை மலையேறுகிறவர்களின் பாதுகாவலராக ஏற்படுத்தினார். ஆகையால் கஷ்டமான மலையில் ஏறுவதைத் திருச்சபை கண்டித்தது என்று ஒருவரும் சொல்லமுடியாது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? "மலையேறுகிறவன் ஆயத்தத்தோடு போகிறான், மோட்டார் சைக்கிள்காரன் ஆயத்தமில்லாமல் போகிறான்" என்று சொல்லிவிடலாம். அது எப்பொழுதும் உண்மையல்ல. முள் பதித்த டயரும், மண்வெட்டியும், புதைந்தால் இருக்குமிடம் காட்டும் கருவியும் கொண்டு, பனிச்சரிவு அறிக்கையை வாசித்துவிட்டுப் புறப்படுகிற மோட்டார் சைக்கிள்காரனும் இருக்கக்கூடும். சாதாரணச் செருப்போடு மலையேறுகிற மூடனும் இருக்கிறான். இந்த மட்டில் அந்த மகன் சொல்லுவது நியாயமே.

வித்தியாசம் அந்தத் தடுப்புக் கம்பத்தில் இருக்கிறது. கம்பம் "நீ போகாதே" என்று மட்டும் சொல்லவில்லை. "மேலே வண்டி ஒன்றும் இல்லை" என்று மற்றவர்களுக்கு உறுதி சொல்லுகிறது. அந்த உறுதியை நம்பித்தான் மலையில் வேலை நடக்கிறது. அபாயமாய்த் தொங்கும் பனியை மலைநாட்டார் சில இடங்களில் வெடிவைத்து வேண்டுமென்றே சரியவிடுகிறார்கள். கீழே பாதை காலியாயிருக்கிறது என்ற நம்பிக்கையின்மேல் அந்த வெடி வைக்கப்படுகிறது. வசந்தகாலத்தில் பனி வாரும் இயந்திரங்கள் அடைத்த பாதையிலேதான் வேலைசெய்கின்றன. வளைவுக்கு அப்பால் எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று அந்த ஓட்டுநர்கள் நம்புகிறார்கள். இரயில் கேட்டை மூடியபின் உள்ளே நுழைகிறவனை எண்ணிப் பாருங்கள். அவன் தன் உயிரோடு மட்டும் விளையாடவில்லை. இரயில் ஓட்டுகிறவனுடைய நிம்மதியோடும் விளையாடுகிறான். அதுபோலவே, அடைத்த பாதையில் ஏறுகிறவன் தான் ஒருபொழுதும் பார்த்திராத மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கை முறிக்கிறான். "பாதையில் வேறே ஒருவருமில்லை" என்று மகன் சொன்னானே, அது தவறு. காணவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

தேடுகிறவன் கேட்கமாட்டான்

மூன்றாவது வாதத்திற்கு வருவோம். "எங்களைத் தேடவேண்டாம்" என்று ஒருவன் கையெழுத்திட்டு எழுதிவைத்துவிட்டுப் போகட்டும். இரவு எட்டு மணியாகியும் திரும்பவில்லை. கீழே கிராமத்தில் அவன் தாய் அழுதுகொண்டிருக்கிறாள். மீட்புப் படையினர் அந்தக் கடிதத்தைக் காட்டி, "அம்மா, தேடவேண்டாமென்று எழுதியிருக்கிறான், நாங்கள் படுக்கப் போகிறோம்" என்று சொல்லுவார்களா? சொல்லமாட்டார்கள். சொல்லமுடியாது. அன்பு அப்படிப்பட்ட கடிதங்களை வாசிக்கிறதில்லை.

செலவைக் கொடுப்பதைப் பற்றியும் அப்படியே. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டரில் மீட்கும் செலவு மீட்கப்பட்டவன்மேலோ அவனுடைய காப்புறுதியின்மேலோ விழுவது வழக்கம். நல்லது. எண்ணெய்க்கும் இயந்திரத்திற்கும் விலை உண்டு. ஆனால் இருட்டில், புயலில், அதே அபாயமான சரிவின் கீழே கால்வைத்துப் போகிறவனுடைய உயிருக்கு என்ன விலை? அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. முன்னே நினைவில் வைக்கச் சொன்ன வாக்கியம் இதுதான்: தேடப்போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

மடத்தின் துறவிகள் ஒன்பது நூற்றாண்டுகளாய் ஒரு வழக்கத்தை அனுசரித்து வந்தார்கள். வந்தவன் யார், எந்த நாட்டான், எந்த மதத்தான், ஏன் இந்த வேளையில் புறப்பட்டான் என்று விசாரித்தபின் கதவைத் திறக்கிறதில்லை. முதலில் திறப்பார்கள், சூடான ஆகாரம் கொடுப்பார்கள். புத்திசாலிக்கும் மூடனுக்கும் ஒரே கஞ்சிதான். இது சர்வேசுரனுடைய இரக்கத்தின் சாயல்.

இந்த இரக்கத்தைக் கண்டு சிலர், "எப்படியும் காப்பாற்றுவார்கள்" என்று துணிந்துவிடுகிறார்கள். நியாயமாய் வரவேண்டிய முடிவு இதற்கு நேர்விரோதமானது. தேடுகிறவன் "ஏன் போனாய்?" என்று கேட்கமாட்டான்; ஆகையால்தான் போகிறவன் அந்தக் கேள்வியைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறான். அன்பு கணக்குப் பார்க்காது. கணக்குப் பார்க்காத அன்பின்மேல் செலவை ஏற்றுகிறவன் அந்தக் கணக்கைத் தானே பார்த்தாகவேண்டும். குளிர்காலத்தில் அந்தக் கணவாயைக் கடந்த பழைய ஏழை அப்பத்திற்காகக் கடந்தான். அவனைத் தேடிப்போன துறவியின் அபாயத்திற்கு அவன் பசி ஈடாக நின்றது. நாலு பேர் பார்த்து மெச்சும் சலனப்படம் ஒன்று அப்படி ஈடாக நிற்குமா?

சேசுநாதர் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தப்பட்டபோது அவருக்குச் சொல்லப்பட்ட தந்திரமும் இதுவே: குதித்துவிடு, தாங்குவதற்குச் சம்மனசுக்கள் வருவார்கள் என்பது. சம்மனசுக்கள் வருவார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அவர் குதிக்கவில்லை. பிறருடைய அன்பு நிச்சயம் என்று தெரிந்திருப்பதே அதைச் சோதிக்காமலிருக்கத் தக்க காரணம்.

திடம் என்ற புண்ணியம்

"அப்படியானால் வாலிபர் பயந்தாங்கொள்ளிகளாய் வீட்டில் முடங்கிக் கிடக்கவேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். வாலிபனுக்குச் சோதனை தேவை. தன் பலத்தை அளந்து பார்க்கும் ஆசை சுபாவத்தில் உள்ளது, அது கெட்டதல்ல. எதிலும் அஞ்சி அஞ்சி வளர்க்கப்பட்டவன் ஒரு நாள் அளவு தெரியாமல் பாய்கிறான்.

தலையான புண்ணியங்கள் நான்கில் ஒன்று திடம். அது கோழைத்தனத்திற்கும் அசட்டுத் துணிச்சலுக்கும் நடுவே நிற்பது என்று அர்ச். அக்குயினோ தோமையார் போதிக்கிறார். அஞ்சவேண்டியதற்கு அஞ்சாதிருப்பதும் ஒரு குறை என்பது அவர் கருத்து. இன்னொன்றும் சொல்லுகிறார்: பாய்ந்து தாக்குவதைவிட, நிலைத்து நின்று சகிப்பதே திடத்தின் முக்கியமான செயல். படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைப் பல வருஷம் முகம் சுளிக்காமல் பார்க்கும் மருமகளுக்கும், இரவு வேலையை முடித்துவிட்டு வந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பும் தகப்பனுக்கும் இது நன்றாய்த் தெரியும். அவர்களை ஒருவரும் படம் பிடிப்பதில்லை.

பனியையும் மோட்டார் சைக்கிளையும் நேசிக்கிறவர்களுக்கு நேரான வழியும் இல்லாமலில்லை. செர்மனியில் 1956-இல் தொடங்கிய "யானைக் கூட்டம்" என்றொரு சந்திப்பு உண்டு. யானை என்பது அக்காலத்தில் பக்கப்பெட்டி பூட்டி ஓட்டிய ஒரு கனமான வண்டிக்குச் செல்லப்பெயர். நடுக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் திறந்திருக்கும் பாதைகளின் வழியாகவே வந்து, பவேரியக் காட்டிலே பனியின்மேல் கூடாரமடித்து, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து போகிறார்கள். குளிர் அங்கேயும் குளிர்தான். கஷ்டம் அங்கேயும் கஷ்டந்தான். ஒருவன் வண்டி நின்றுவிட்டால் கைகொடுக்க நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவருடைய வாக்கையும் முறிக்கத் தேவையில்லை.

விழுந்தவனைப் பற்றி

முடிக்குமுன் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படி ஒருவன் மாண்டான் என்று பத்திரிகையில் வாசித்தவுடன், "தேடிக்கொண்டான், அனுபவித்தான்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்புகிறவர்கள் உண்டு. அது நீதி போலத் தோன்றும். ஆனால் அடைத்த பாதையில் ஏறியவன் தேடுகிறவனுடைய அன்பை அசட்டை செய்தான். இப்படிச் சொல்லுகிறவனோ அந்த அன்பே வேண்டாமென்று தீர்ப்பிடுகிறான். இரண்டும் ஒரே இருதயக் கடினம். புறப்படுகிறவனிடம் கண்டிப்பாயிருப்போம், விழுந்தவனிடம் இரக்கமாயிருப்போம். இந்த இரண்டையும் இடம் மாற்றிச் செய்வதுதான் நம்மில் அநேகருடைய வழக்கம்: புறப்படும்போது நமக்கென்னவென்று சிரிப்போம், விழுந்தபின் உபதேசிப்போம்.

ஆகையால், பெற்றோரே, இப்படிப்பட்ட கேள்வியோடு மகன் வந்தால் படுக்கப் போகச் சொல்லாதேயுங்கள். பக்கத்தில் உட்காரவைத்து மூன்று கேள்விகளை அவனிடமே கொடுங்கள். எதற்காகப் போகிறாய்? நீ திரும்பாவிட்டால் உன்னைத் தேடி யார் வருவார்கள்? அவர்கள் முகத்தைப் பார்த்து அந்தக் காரணத்தைச் சொல்ல உனக்கு வாய் வருமா? மூன்றுக்கும் கூசாமல் பதில் சொல்லக்கூடிய ஆபத்துகள் உலகத்தில் எத்தனையோ உண்டு. அவற்றில் அவன் இறங்கட்டும், ஆசீர்வதித்து அனுப்புங்கள்.

கணவாயின் உச்சியிலுள்ள மடம் இன்றும் குளிர்காலம் முழுவதும் திறந்திருக்கிறது. பாதை அடைபட்டபின், பனிச்சறுக்குப் பலகை கட்டியும் பனிநடைக் காலணி அணிந்தும் வருகிறவர்களை வரவேற்கிறது. கீழே கம்பம் இறக்கப்பட்டிருக்கிறது. மேலே கதவு திறந்திருக்கிறது. இரண்டையும் அங்கே வைத்தது மனித உயிரின்மேல் உள்ள மதிப்பே. ஒன்றை மதியாதவன் மற்றதை நம்பிப் புறப்படுவது நியாயமாகாது.